டை-காஸ்ட் போர் விமான மாதிரிகள்: விலையையும் தரத்தையும் எது தீர்மானிக்கிறது?

ஒரே போர் விமானத்தின் இரண்டு உலோக மாதிரிகள் ஒரே அளவில் செய்யப்பட்டு அருகருகே விற்பனைக்கு இருக்கும்போது, ஒன்றின் விலை மற்றொன்றின் விலையைப் போலப் பல மடங்கு இருப்பதைக் காணலாம். விலை கூடியதன் பெட்டியில் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்றும், ‘14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கு மட்டும்’ என்றும் அச்சிட்டிருக்கும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் இவற்றைப் பார்த்துக் குழம்புவது இயல்பு. ‘கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது, அதனால் தரமானது’ என்பதே அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விளக்கம். அது சரியான அளவுகோல் அல்ல. உலோகம் இந்த மாதிரிகளுக்கு உறுதியைத் தருகிறது. ஆனால் நுட்பமான வடிவத்துக்கு அதே உலோகம்தான் பெரிய தடையாகவும் இருக்கிறது. அந்தத் தடையை ஒரு தயாரிப்பாளர் எங்கெங்கே, எப்படிச் சமாளித்திருக்கிறார் என்பதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு விலையின் காரணமும் தரத்தின் அளவும் தாமாகவே விளங்கும்.

டை-காஸ்ட் என்பது என்ன

உருக்கிய உலோகத்தை மிகுந்த அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி, அது உறைந்ததும் அச்சைத் திறந்து பொருளை வெளியே எடுப்பதே டை-காஸ்ட் முறை. மாதிரி விமானங்களில் பயன்படுவது தூய இரும்போ அலுமினியமோ அல்ல. ஜமாக் எனப்படும் துத்தநாகக் கலவை. துத்தநாகத்துடன் ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியமும், மிகச் சிறிதளவு மக்னீசியமும், சில வகைகளில் செம்பும் இதில் சேர்கின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-இல் இதை உருவாக்கியது. சுமார் 380 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடுவதால் எஃகு அச்சை இது அதிகம் தேய்ப்பதில்லை. அச்சின் நுண்ணிய பள்ளங்களிலும் நன்றாகப் பாய்கிறது.

அச்சு என்பது இரண்டு பாதிகளைக் கொண்டது. பொருள் சிக்காமல் வெளியே வரவேண்டுமென்றால் அதன் பக்கங்கள் மிகச் சிறிதளவாவது சரிவாக இருக்க வேண்டும். உட்புறம் குடைந்த வடிவங்கள் இருந்தால் தனியே நகரும் துண்டுகளை அச்சில் பொருத்த வேண்டும், அல்லது அந்தப் பகுதியைத் தனி உறுப்பாக வார்த்து ஒட்ட வேண்டும். கீழே வரும் பல குறைகளுக்கும் காரணம் இந்த விதிதான்.

1:72 என்ற அளவு

அளவு விகிதம் 1:72 என்றால் உண்மையான விமானத்தின் 72 மில்லிமீட்டர் மாதிரியில் 1 மில்லிமீட்டராகும். அங்குலக் கணக்கில் ஆறு அடிக்கு ஓர் அங்குலம். 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தையும் நட்பு விமானத்தையும் வேறுபடுத்திக் காணும் பயிற்சிக்காக ஐந்து லட்சம் மாதிரிகளைச் செய்து தரும்படி பள்ளி மாணவர்களைக் கேட்டபோது தேர்ந்தெடுத்ததும் இதே அளவைத்தான். முப்பத்தைந்து அடி தொலைவில் நின்று இந்த மாதிரியைப் பார்த்தால், அரை மைலுக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் உண்மையான விமானம் தெரிவது போலவே தெரியும்.

இன்றைய போர் விமானங்களை இந்த அளவில் கணக்கிட்டால், 15.06 மீட்டர் நீளமுள்ள எஃப்-16 சுமார் 209 மி.மீ. ஆகிறது, 19.1 மீட்டர் நீளமுள்ள எஃப்-14 டாம்கேட் சுமார் 265 மி.மீ.; 21.9 மீட்டர் நீளமுள்ள சு-27 சுமார் 304 மி.மீ. மேசை மீதோ கண்ணாடி அலமாரியிலோ வைப்பதற்கு இது பொருத்தமான அளவு. ஹாபி மாஸ்டர், செஞ்சுரி விங்ஸ், காலிபர் விங்ஸ், ஜேசி விங்ஸ் போன்ற நிறுவனங்கள் போர் விமானங்களை இதே அளவில் வெளியிட்டிருப்பதால், வெவ்வேறு நிறுவனங்களின் மாதிரிகளை ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடவும் முடிகிறது.

1:48 என்பது நீளத்தில் இதைவிட ஒன்றரை மடங்குதான். ஆனால் கன அளவு மூன்று பரிமாணங்களிலும் பெருகுவதால் 3.4 மடங்கை நெருங்குகிறது. அத்தனை எடையையும் மெலிந்த சக்கரக் கால்கள் தாங்கியாக வேண்டும். இந்த அளவில் உலோக மாதிரிகள் குறைவாக வருவதற்கு இடப்பற்றாக்குறையைப் போலவே இதுவும் ஒரு காரணம்.

எடை தரத்தின் அடையாளம் அல்ல

எஃப்-16 விமானத்தின் வெற்று எடை ஏறத்தாழ 8,500 கிலோ. 1:72 அளவில் கன அளவு 72-ஐ மூன்று முறை பெருக்கிய எண்ணால், அதாவது 3,73,248-ஆல் வகுபடும். எடையையும் அவ்வாறே வகுத்தால் கிடைப்பது சுமார் 23 கிராம். கையில் எடுக்கும் உலோக மாதிரியோ இதைவிடப் பன்மடங்கு கனமானது. உண்மையான விமானம் மெல்லிய தோலால் மூடப்பட்ட, பெரும்பாலும் வெற்றிடமும் எரிபொருள் தொட்டியும் கொண்ட அமைப்பு. மாதிரியோ நீரைப் போல 6.6 மடங்கு அடர்த்தியுள்ள துத்தநாகத்தின் தடித்த வார்ப்பு. ஆகவே கனம் என்பது கைக்கு இதமான உணர்வே தவிர, விமானத்தைப் பற்றிய எந்த உண்மையையும் அது சொல்வதில்லை.

உலோகம் தடுமாறும் இடங்கள்

ஒரு மாதிரியை மதிப்பிடுபவர் முதலில் பார்க்க வேண்டியவை இவை.

1. விளிம்புகள். துத்தநாக வார்ப்பை முக்கால் மில்லிமீட்டருக்கும் கீழே மெலிதாக்குவது கடினம். 0.7 மி.மீ. தடிமனுள்ள ஓர் இறக்கை விளிம்பு, 72 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் 50 மி.மீ. தடிமனாகிவிடும், உண்மையான விளிம்பு அவ்வளவு தடித்ததல்ல. எனவே செங்குத்து வால், பிட்டோ குழாய் (வேகத்தை அளக்கக் காற்றழுத்தத்தை உணரும் மெல்லிய குழாய்), ஏவுகணைகளின் சிறகுகள் போன்றவற்றைப் பிளாஸ்டிக்கில் செய்வதே நல்ல முடிவு. ‘பிளாஸ்டிக் கலந்திருக்கிறது’ என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமற்றது என்பது என் கருத்து. முழு உலோகத்தில் செய்த தடித்த வால்தான் விமானத்தின் உருவத்தைக் கெடுக்கிறது.

2. பேனல் கோடுகள். விமானத்தின் தோல் தகடுகள் சந்திக்கும் இடைவெளிகளே இவை. மாதிரியில் 0.3 மி.மீ. அகலமுள்ள ஒரு கோடு, உண்மையில் 21.6 மி.மீ. அகலமுள்ள பிளவுக்குச் சமம். அப்படிப்பட்ட பிளவுகளோடு எந்தப் போர் விமானமும் ஒலியின் வேகத்தைத் தாண்டாது. கோடுகள் எவ்வளவு மெலிந்து, ஆழமில்லாமல் இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அச்சு செதுக்கியவரின் திறமை வெளிப்படும். அளவுக்கு மீறிய ஆழத்தில் கறுப்பு மையும் தேய்த்திருந்தால், படத்தில் அது கவர்ச்சியாகத் தெரியும். நேரில் விமானம் துண்டு துண்டாக ஒட்டியது போலிருக்கும்.

3. காற்று உட்புகும் வாய்கள். எஃப்-14, எஃப்-15, சு-27 ஆகியவற்றில் இந்த வாய்கள் என்ஜின் வரை செல்லும் நீண்ட குழல்கள். வளைந்து செல்லும் ஒரு குழலை ஒற்றை வார்ப்பில் குடைந்து எடுக்க முடியாது. மலிவான மாதிரிகளில் வாய்க்குள் சிறிது தொலைவிலேயே ஒரு சுவர் நின்றுவிடும். விலை கூடியவற்றில் குழலைத் தனி உறுப்புகளாகச் செய்து, உள்ளே என்ஜினின் முகப்பு விசிறியையும் வைத்திருப்பார்கள்.

4. இணைப்புத் தடங்கள். உறுப்புகள் கூடக் கூட ஒட்டுத்தடங்களும் கூடும். தேர்ந்த வடிவமைப்பாளர், உண்மையான விமானத்தில் தகடு பிரியும் கோட்டிலேயே மாதிரியின் இணைப்பையும் வைத்துவிடுவார். மூக்குக்கூம்பு உடலைச் சந்திக்கும் இடத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

5. சக்கரக் கால்கள். விமானம் தரையில் நிற்கும்போது அதன் எடையால் கால்களின் அதிர்வுதாங்கிகள் அமுங்கியிருக்கும். பறக்கத் தொடங்கிச் சக்கரம் தரையை விட்டதும் நீளும். பல மாதிரிகளில் கால்கள் முழுதும் நீண்ட நிலையிலேயே செய்யப்பட்டிருப்பதால், அலமாரியில் நிற்கும் விமானம் இயல்பை மீறி உயரமாகத் தெரிகிறது.

இறக்கை நகரும் எஃப்-14 இவை எல்லாவற்றிலும் கடினமான சோதனை. அதன் இறக்கைகள் விரிந்தால் 19.5 மீட்டர், மடங்கினால் 11.6 மீட்டர். மாதிரியிலும் அவை நகர வேண்டுமென்றால் உடலுக்கும் இறக்கைக்கும் நடுவே இடைவெளி விட்டாக வேண்டும். இடைவெளி கூடினால் உருவம் கெடும், குறைந்தால் ஒவ்வொரு அசைவிலும் சாயம் உரசிப் போகும். இதே விமானத்தை 1:72 அளவில் செஞ்சுரி விங்ஸ், காலிபர் விங்ஸ், ஹாபி மாஸ்டர் ஆகிய மூன்று நிறுவனங்களும் தனித்தனியே அச்சு செதுக்கி வெளியிட்டன. எஃப்-14-க்கு இருக்கும் வரவேற்புக்கு இதுவே சான்று.

சாயமும் எழுத்தும்

வடிவத்துக்கு அடுத்தபடியாக உழைப்பு செல்வது மேற்பூச்சில்தான். இன்றைய போர் விமானங்கள் பெரும்பாலும் சாம்பல் நிறத்தவை. அதனால் பூச்சு எளிது என்று தோன்றலாம், உண்மை நேர்மாறானது. நிறங்கள் ஒன்றோடொன்று நெருங்க நெருங்கப் பிழை எளிதில் தெரிகிறது.

அமெரிக்க விமானங்களின் நிறங்கள் எஃப்எஸ் 595 என்ற அரசுத் தரப்பட்டியலின் ஐந்து இலக்க எண்களால் குறிக்கப்படுகின்றன. (2017 முதல் இதன் இடத்தை எஸ்ஏஇ என்ற பொறியியல் தர அமைப்பின் பட்டியல் எடுத்துக்கொண்டது, எண்கள் அப்படியே தொடர்கின்றன.) எடுத்துக்காட்டாக 36375 என்ற எண்ணைப் பார்ப்போம். முதல் இலக்கமான 3, பளபளப்பற்ற பூச்சு என்பதைக் குறிக்கிறது; 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் இடைநிலை. இரண்டாவது இலக்கமான 6, சாம்பல் குடும்பம். மீதமுள்ள மூன்று இலக்கங்கள், அந்தக் குடும்பத்துக்குள் நிறத்தின் வெளிர்மையை ஒட்டிய வரிசை. எஃப்-15, எஃப்/ஏ-18 ஆகிய விமானங்களில் 36375 என்ற வெளிர் சாம்பலும் அதைவிடச் சற்றே அடர்ந்த 36320-உம் அருகருகே வருகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிக மெல்லியது. அதை மிகைப்படுத்தினால் விமானம் திட்டுத் திட்டாகத் தெரியும். விட்டுவிட்டால் ஒற்றை நிறமாகிவிடும். அமெரிக்கக் கடற்படையின் பழைய 16440 சாம்பலில் தொடக்க இலக்கம் 1 என்பதையும் கவனிக்க வேண்டும். 1970-களின் டாம்கேட் மாதிரி ஒன்று முற்றிலும் மங்கலான பூச்சோடு வந்தால், அது காலத்தோடு பொருந்தாது.

வண்ணத் திட்டம் சிக்கலாகும்போது செலவும் ஏறும். உக்ரைனின் சு-27, ஸ்லோவாக்கியாவின் மிக்-29 ஆகியவற்றில் பூசப்பட்ட பிக்சல் வடிவ மறைப்பு வண்ணம் நூற்றுக்கணக்கான சிறு சதுரங்களால் ஆனது. வளைந்த உடலின் மீது, உறுப்புக்கு உறுப்பு கோடு தப்பாமல் அதைக் கொண்டுவருவது பெரும் வேலை.

எழுத்துகளும் சின்னங்களும் பதிக்கப்படுவது டாம்போ எனப்படும் அச்சு முறையில். செதுக்கிய தகட்டில் மையை நிரப்பி, மென்மையான சிலிக்கோன் திண்டு ஒன்றால் அதை ஒற்றியெடுத்து, மாதிரியின் மீது அழுத்துகிறார்கள். திண்டு வளைந்து கொடுப்பதால் உருண்டையான பரப்பிலும் அச்சு விழும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே ஒருமுறை ஒற்ற வேண்டும். ஐந்து நிறச் சின்னத்துக்கு ஐந்து முறை, ஒவ்வொன்றும் இடம் பிசகாமல். விமானத்தின் உடலில் ஒரு அங்குல உயரத்தில் எழுதப்பட்ட எச்சரிக்கை எழுத்து, 1:72 அளவில் 0.35 மி.மீ. ஆகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல மாதிரியில் அந்த எழுத்தைப் படிக்க முடியும். சுமாரானதில் அது வெறும் கோடாகத் தெரியும். விலை வேறுபாட்டின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

ஒரு விமானம், ஒரு நாள்

சேகரிப்பாளர்கள் பொதுவான ஓர் எஃப்-14-ஐத் தேடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட படைப்பிரிவின், ஒரு குறிப்பிட்ட எண் கொண்ட விமானம், ஒரு குறிப்பிட்ட காலத்தில் எப்படி இருந்ததோ அதைத் தேடுகிறார்கள். 1981 ஆகஸ்ட் 19 அன்று லிபியக் கரையை ஒட்டிய சித்ரா வளைகுடாவின் மேல், நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த விஎஃப்-41 பிரிவின் 102, 107 எண் கொண்ட இரு டாம்கேட்கள் லிபியாவின் இரண்டு சு-22 விமானங்களைச் சுட்டு வீழ்த்தின. அந்த நாளின் விமானம் என்று ஒரு மாதிரி விற்கப்பட்டால், அதை இப்படிச் சரிபார்க்கலாம்.

1. அன்று பயன்பட்டது சைட்விண்டர் ஏவுகணையின் ஏஐஎம்-9எல் வகை. மாதிரியோடு வரும் ஏவுகணைகள் அதனுடன் பொருந்த வேண்டும். 1991-இல் பணிக்கு வந்த ஆம்ராம் ஏவுகணை தொங்கினால் அது தவறு.

2. இரவிலும் குறி பார்க்க உதவும் லாண்டிர்ன் கருவி டாம்கேட்டில் சேர்ந்தது 1990-களின் நடுவில். 1981-ஆம் ஆண்டு மாதிரியில் அதற்கு இடமில்லை.

3. வீழ்த்திய விமானத்தின் அடையாளம் சண்டைக்குப் பிறகே வரையப்படும். புறப்பாட்டு நிலையைக் காட்டும் மாதிரியில் அது இருக்கக் கூடாது.

இதே போன்ற இன்னொரு சிக்கல் ‘ஜாலி ரோஜர்ஸ்’ என்ற பெயரும் மண்டையோட்டுச் சின்னமும். விஎஃப்-84 பிரிவு 1995-இல் கலைக்கப்பட்டபோது, அந்தப் பெயரையும் சின்னத்தையும் விஎஃப்-103 எடுத்துக்கொண்டது. வாலில் சின்னம் ஒன்றே என்றாலும் பிரிவும் காலமும் வேறு. ஆகவே உடலில் எழுதியிருக்கும் பிரிவின் எண்ணைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

இத்தகைய பொருத்தத்துக்குத் தயாரிப்பாளர் செலவிடும் ஆய்வு நேரமும் விலையில் சேர்கிறது. அது நியாயமான செலவு என்றே கருதுகிறேன். வரலாற்றை ஒட்டிய மாதிரி என்று விற்கப்படும் பொருளில் தவறான ஏவுகணை தொங்குவது சிறு பிழையல்ல.

வடிவம் இரகசியமாக இருக்கும்போது

புதிய விமானங்களில் சிக்கல் வேறு. ராடாருக்குப் புலப்படாத விமானங்களின் துல்லியமான வரைபடங்கள் வெளியே வருவதில்லை. 1986-இல் அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனம் எஃப்-19 என்ற பெயரில் ஒரு பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது. இரகசிய விமானம் இப்படித்தான் இருக்கும் என்ற ஊகத்தில், வளைந்து வழுக்கும் வடிவத்தில் அது செய்யப்பட்டிருந்தது. அந்த மாதிரி அமெரிக்க நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. 1988 நவம்பரில் உண்மையான எஃப்-117 வெளியானபோது, அது தட்டையான முகங்களாலும் கூர்மையான கோணங்களாலும் ஆனதாக இருந்தது. எஃப்-19 என்ற விமானமே இருக்கவில்லை.

2010-இல் முதலில் பறந்த சு-57, 2011-இல் பறந்த சீனாவின் ஜே-20 போன்றவற்றின் மாதிரிகளும் பெருமளவு புகைப்படங்களை நம்பியே செய்யப்படுகின்றன. முன்மாதிரி விமானத்துக்கும் பின்னர்ப் படையில் சேர்ந்த விமானத்துக்கும் வடிவ வேறுபாடுகள் இருக்கும் என்பதால், தொடக்கத்தில் அவசரமாக வந்த மாதிரிகள் விரைவில் பழசாகிவிடுகின்றன.

‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்பதன் பொருள்

எஃகு அச்சைச் செதுக்குவதுதான் முதல் பெரும் செலவு. ஒருமுறை செதுக்கிவிட்டால், துத்தநாக வார்ப்பில் அது லட்சக்கணக்கான முறை பயன்படும். ஆகவே அச்சு தேய்ந்துவிடும் என்பதற்காக எண்ணிக்கை வரையறுக்கப்படுவதில்லை. ஒரு குறிப்பிட்ட படைப்பிரிவின் வண்ணத்துக்கு வாங்குவோர் அவ்வளவுதான் இருப்பார்கள் என்பதே காரணம். அச்சின் செலவை ஈட்ட, அதே உடலை வெவ்வேறு பிரிவுகளின் வண்ணங்களில் ஆண்டுக்கணக்கில் வெளியிடுகிறார்கள். பல வெளியீடுகள் முதலில் கணினிப் படத்தோடு அறிவிக்கப்பட்டு, முன்பதிவு பெற்று, மாதங்கள் கழித்தே கைக்கு வருகின்றன.

இதிலிருந்து மறுவிற்பனை விலையைப் பற்றி ஒன்று தெளிவாகிறது. ‘இனி வராது’ என்று சொல்லப்படும் மாதிரியின் அச்சு இன்னும் அந்த நிறுவனத்திடம் இருந்தால், அதே வண்ணமோ அதை ஒட்டிய வண்ணமோ மீண்டும் வரலாம். வந்தால் பழையதன் விலை சரியும். வேறொரு நிறுவனம் மேலான அச்சோடு அதே விமானத்தை வெளியிட்டாலும் இதுவே நடக்கும். விலை ஏறும் என்று நம்பி வாங்குவதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பொம்மையா, அல்லவா

உலகச் சுங்க வகைப்பாட்டில் பொம்மைகளும் அளவு குறைத்த மாதிரிகளும் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. பாதுகாப்புச் சட்டமோ வேறு கோணத்தில் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு ஆணை, 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கானது என்று பெட்டியில் தெளிவாக எழுதிய நுட்பமான மாதிரிகளைப் பொம்மை எனக் கணக்கிடுவதில்லை. அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஈயத்துக்கு விதித்த கடுமையான வரம்பு, 12 வயது வரை உள்ளோருக்கான பொருள்களுக்கானது. எனவே பெட்டியிலுள்ள அந்த வயதுக் குறிப்பு வெறும் சடங்கல்ல. கூர்மையான பிட்டோ குழாயும் எளிதில் கழன்றுவரும் சிறு ஏவுகணைகளும் உள்ள பொருளைச் சிறு குழந்தையிடம் கொடுக்கக் கூடாது.

பழைய மாதிரியை வாங்கும்போது

துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கூடினாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகத்தின் படிகங்களுக்கு இடையே அரிப்பு பரவி, பொருள் உப்பி, வெடித்து, கடைசியில் நொறுங்கும். இதற்குத் துத்தநாக நோய் என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல உலோகப் பொம்மைகள் இதனால் அழிந்தன. இன்றைய தரவிதிகள் ஈயத்தை 0.005 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துவதால் நவீன மாதிரிகளில் இது அரிது. ஆயினும் கலவையின் தூய்மை தயாரித்தவரின் ஒழுங்கைப் பொறுத்தது. நோய் பிடித்த பிறகு அதை மாற்ற வழியில்லை. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும்.

பழைய மாதிரி ஒன்றை விலைபேசும் முன், இறக்கையின் வேர்ப்பகுதியிலும் சாயத்தின் அடியிலும் நுண்விரிசலோ கொப்புளமோ தென்படுகிறதா என்று சாய்வான ஒளியில் பார்க்க வேண்டும். மென்மையான வினைல் சக்கரங்கள் பிசுபிசுத்திருந்தால், அவற்றிலிருந்து கசியும் பொருள் கண்ணாடிப் பகுதியையும் சாயத்தையும் கரைத்திருக்கக்கூடும். கவிகை (விமானியின் இருக்கைக்கு மேலுள்ள ஒளிபுகும் மூடி) மஞ்சளித்திருந்தால் மாதிரி வெயிலில் நின்றிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சாம்பல் நிறங்களும் மாறியிருக்கலாம் என்பதால், பெட்டிக்குள்ளேயே இருந்த இன்னொரு பிரதியின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலையை ஒப்புக்கொள்வது நல்லது. ஏவுகணைகள், மாற்று உறுப்புகள், நிலைத்தாங்கி ஆகியவை முழுமையாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே எண்ணிப் பார்த்துவிட வேண்டும். அவற்றைத் தனியே தேடிப் பெறுவது பெரும்பாலும் இயலாது.